ஹொஸ்பிஸ் நடைபவனிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

பத்துக் கிலோமீற்றர் நடப்பது பெரிய காரியம் இல்லை. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமம் வரை கால்நடையாகப் போய்வந்த பரம்பரை எங்களுடையது. லண்டனில் ஒரு சனிக்கிழமை இரவு இரண்டரை மணி நேரம் நடப்பதற்கு நாங்கள் பயப்படலாமா? ஆனாலும் முதல் வருடம் நான் பயந்தேன், கால் நோகும் என்று. நொந்ததுதான். ஆனால் அதற்கு முந்திய ஆறு கிழமைகளில் தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் வாய் திறந்து காசு கேட்டேனே, அந்தக் கஷ்டத்துக்கு முன்னால் கால் நோவு ஒன்றுமே இல்லை. ஆகவே கீழே சப்பாத்துக்குக் கொஞ்ச இடமும் காசு கேட்பதற்கு நிறைய இடமும் கொடுத்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

வேலைத்தலத்திலோ பிள்ளையின் பள்ளிக்கூட வாசலிலோ குணப்படுத்த முடியாத நோயாளிகளைப் பார்க்கிற ஹொஸ்பிஸுக்குக் காசு சேர்ப்பதற்காக ‘மூன்லைட் வோக்’, ‘மிட்நைட் வோக்’ என்று ஓர் அறிவித்தலைப் பார்த்துவிட்டு, போவோமா விடுவோமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டில் முதலில் சொல்லிப் புரியவைக்க வேண்டியது

நான் பெயர் பதிந்துவிட்டேன் என்றதும் அம்மாவின் முகம் மாறியது. சாகப்போகிறவர்களை வைக்கிற இடம்தானே அது, அதற்கு எதற்கு நடை, அதுவும் இரவில் என்றார். எங்கள் வீடுகளில் புற்றுநோயைக்கூடப் பெயர் சொல்லாமல் ‘அந்த வருத்தம்’ என்றுதான் சொல்வோம். ஹொஸ்பிஸ் என்ற சொல்லை யார் வாயில் எடுப்பார்கள்? இதைத் தாண்டாமல் அடுத்த வேலை நடக்காது. உங்களிடம் காசு தரப்போகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள். பதில் கையில் இருக்கட்டும்.

குணப்படுத்த முடியாத நோயோடு இருக்கிறவரின் வலியையும் மூச்சுத்திணறலையும் குமட்டலையும் பயத்தையும் தணித்து, இருக்கிற நாட்களை அவர் விரும்பிய விதத்தில் வாழவிடுவதுதான் ஹொஸ்பிஸின் வேலை. கட்டிலில் வைத்துப் பார்ப்பது அதில் ஒரு பகுதி மட்டும். பெரும்பாலானவர்களை ஹொஸ்பிஸின் தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். புற்றுநோய் மட்டும் அல்ல, இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய், மோட்டார் நியூரோன் நோய், மறதி நோய் உள்ளவர்களுக்கும் இடம் உண்டு. இறந்தபின் குடும்பத்தாரோடு பேசி ஆற்றுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நோயாளியிடமோ வீட்டாரிடமோ ஒரு சதமும் வாங்குவதில்லை.

உள்ளே போனவர் வெளியே வரமாட்டார் என்பதும் சரியல்ல. என் சித்தப்பா முதல் தடவை போனது வலியை அடக்குவதற்கு. பத்து நாட்களில் வீட்டுக்கு வந்து, குழல் புட்டும் முட்டைப் பொரியலும் கேட்டுச் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து இரண்டாம் தடவை போனபோதுதான் திரும்பவில்லை. அந்தக் கடைசி இரவில் பத்துப் பதினைந்து பேர் அறைக்குள் நின்று தேவாரம் படித்தோம். தாதி கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இதைச் சொன்ன பிறகுதான் அம்மா சமாதானமானார்.

இனிப் பணம். இங்கே எல்லாம் அரசாங்க வைத்திய சேவையான என்.எச்.எஸ். பார்த்துக்கொள்ளும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஹொஸ்பிஸ்களில் அநேகமானவை தனித்தனி அறக்கட்டளைகள். இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹொஸ்பிஸ்களின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அரசாங்கத்திடம் இருந்து வருகிறது. மிச்சத்தை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். பெருந்தெருவில் பார்க்கிற பழைய உடுப்புக் கடைகள், லொத்தர், மரணசாசனத்தில் எழுதி வைக்கிற பணம், அதோடு இந்த நடைபவனிகள். இரவு மூன்று மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிற தாதியின் சம்பளத்தில் ஒரு துண்டு இப்படித்தான் வருகிறது. யாராவது எதற்குக் காசு என்று கேட்டால் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், போதும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறவர்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. சிசிலி சோண்டர்ஸ் தாதியாகப் படித்து, முதுகு வலியால் அதை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளராக வேலை செய்தவர். அப்போது டேவிட் தாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதி ஒருவர், சொந்தபந்தம் இல்லாமல் புற்றுநோயோடு லண்டனில் இறந்துகொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948இல் தாஸ்மா இறந்தபோது சோண்டர்ஸுக்கு 500 பவுண் விட்டுச் சென்றார். உங்கள் வீட்டில் நான் ஒரு யன்னலாக இருப்பேன் என்பது அவர் வாக்கு. சோண்டர்ஸ் அதன்பின் வைத்தியராகவும் படித்து முடித்து, மிச்சப் பணத்துக்கு அலைந்து, தென் லண்டன் சிடனத்தில் செயிண்ட் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறந்தது 1967இல். ஒரு யன்னலின் காசில் தொடங்கி மற்றவற்றைச் சேர்க்கப் பத்தொன்பது வருடம். இன்று உலகெங்கும் உள்ள ஹொஸ்பிஸ்கள் பின்பற்றுகிற முறை அந்தக் கட்டடத்தில் வளர்ந்தது. எங்களுக்கு ஆறு கிழமைதானே.

எந்த ஹொஸ்பிஸ்?

உங்கள் வீடு இருக்கிற பகுதியைப் பார்க்கிற ஹொஸ்பிஸையே தெரிவுசெய்யுங்கள். நாளைக்கு உங்கள் தெருவில் ஒருவருக்குத் தேவைப்பட்டால் வரப்போகிறவர்கள் அவர்கள்தான். நம்மவர்கள் கூடுதலாக வசிக்கிற இடங்களை எடுத்தால், ஹரோ, வெம்பிளிப் பக்கத்துக்குக் கென்ரனில் இருக்கிற செயிண்ட் லூக்ஸ். ஈஸ்ட்ஹாம் உள்ள நியூஹாமுக்கு ஹக்னியில் செயிண்ட் ஜோசப்ஸ். இது 1905இல் தொடங்கியது, சோண்டர்ஸ் வேலை பழகியதும் இங்கேதான். இல்ஃபோர்டுக்குச் செயிண்ட் பிரான்சிஸ். மேர்ட்டன், சட்டன் பகுதிகளுக்கு நோர்த் சீமில் செயிண்ட் ராபியேல்ஸ். கிங்ஸ்டனுக்கு ஈஷரில் பிரின்சஸ் அலிஸ். குறொய்டன், லூயிஷம் பக்கத்துக்குச் செயிண்ட் கிறிஸ்தோபர்ஸ். வேறு ஊர் என்றால் குடும்ப வைத்தியரிடம் கேட்டால் சொல்வார்.

எல்லா ஹொஸ்பிஸும் ஒரே மாதிரி நடை வைப்பதில்லை. சிலது இரவு நடை, சிலது பூங்காவுக்குள் பகல் நடை, சிலது வண்ணப்பொடி தூவுகிற ஓட்டம். பொடி ஓட்டத்துக்கு வெள்ளை உடுப்பு போட்டுப் போகச் சொல்வார்கள், நல்ல உடுப்பு போடாதீர்கள். தூரம் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோமீற்றர். அதைவிட நீண்டதும் உண்டு. முதல் தடவை என்றால், வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போவதானால் 5, இல்லையென்றால் 10. பெருமைக்காக அரை மரதன் தூரத்தில் பெயர் பதியாதீர்கள்.

வேறு யாரோ ஒரு குழு, ஹொஸ்பிஸுக்காக என்று சொல்லி நடை ஒழுங்கு செய்தால் ஒரு காரியம் செய்யுங்கள். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அறக்கட்டளை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு பதிவேடு, ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு வேறு. ஐந்து நிமிட வேலை. அந்த ஹொஸ்பிஸுக்கே தொலைபேசி எடுத்து, உங்கள் பெயரில் இப்படி ஒரு நடை நடக்கிறதாமே என்று கேட்டாலும் சொல்வார்கள். நம் சமூகத்தில் நல்ல மனத்தோடு தொடங்கி, கணக்குக் காட்டத் தெரியாமல் மனஸ்தாபத்தில் முடிந்த சேகரிப்புகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

பெயர் பதிதல்

இணையத்தில் பதினைந்து நிமிடம். பதிவுக் கட்டணம் ஒன்று இருக்கும், நேரத்தோடு பதிந்தால் கொஞ்சம் குறையும். ரீசேர்ட், பதக்கம், தண்ணீர், வீதி ஒழுங்கு எல்லாம் இந்தக் காசில்தான் நடக்கின்றன. ஆகவே கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தர்மம் செய்து முடித்ததாக நினைக்கக் கூடாது. ஹொஸ்பிஸுக்குப் போகிற பணம் நீங்கள் இனிமேல் சேர்க்கப்போகிறதுதான். சிறுவர்களுக்குப் பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும், இரவு நடைகளில் வயதுக் கட்டுப்பாடு இருக்கலாம். விதிகளைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுங்கள்.

ரீசேர்ட்டை ஓர் அளவு பெரிதாகக் கேளுங்கள். கம்பளிச் சட்டைக்கு மேலாகத்தான் போடப்போகிறீர்கள்.

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று ஒரு பெட்டி வரும். உங்களோடு நடக்கப்போகிற கணவரின் இலக்கத்தைப் போடாதீர்கள், வீட்டில் இருக்கப்போகிறவருடையதைப் போடுங்கள். யாருக்காக நடக்கிறீர்கள் என்றும் சில படிவங்கள் கேட்கும். எழுத விருப்பம் இல்லையென்றால் வெறுமையாக விடலாம். நான் முதல் வருடம் வெறுமையாகத்தான் விட்டேன்.

கேட்பது

இனித்தான் கஷ்டமான பகுதி. கைநீட்டுவது இழுக்கு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். கலியாண வீட்டில் என்வலப்புக்குள் 50 பவுண் வைத்துக் கொடுக்கத் தெரியும், சீட்டுக் கட்டத் தெரியும், கோயில் கட்டட நிதிக்குக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டை மடித்து வைக்கத் தெரியும். நாங்களாக ஒருவரிடம் போய்த் தாருங்கள் என்று சொல்லத்தான் தெரியாது. வெள்ளைக்காரச் சகபணியாளர் கேக் வெட்டிக்கொண்டே, என் பக்கத்தைப் பார்த்தாயா, ஐந்து பவுண் போடேன் என்று சாதாரணமாகக் கேட்பார். அவருக்கு அது பிச்சை அல்ல. நான் நடக்கிறேன், நீ பணம் போடு, இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம் என்பதுதான் கணக்கு. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

வரிசையாகச் செய்யுங்கள். முதலில் நிதி சேர்க்கும் இணையப் பக்கத்தைத் திறவுங்கள். பதிந்து முடிந்ததும் ஹொஸ்பிஸே மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பும், ஜஸ்ட்கிவிங் போன்ற தளங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். உங்கள் படம் ஒன்றும் நாலு வரியும் போதும். நோயாளியின் படம் வேண்டாம். கடைசிக் காலத்தில் மெலிந்து கிடந்த கோலத்தை ஊருக்குக் காட்ட யாருக்கும் உரிமை இல்லை. அவரைப் பற்றி எழுதுவதென்றாலும் அவருடைய பிள்ளைகளிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு எழுதுங்கள். சித்தி சம்மதித்தபிறகுதான் நான் சித்தப்பாவைப் பற்றி எழுதினேன். நோயின் பெயரை எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை.

அடுத்தது முதல் காசு. வெறும் பக்கத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். நீங்கள் ஒரு தொகை போடுங்கள், உங்களுக்கு மிக நெருங்கிய இருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அன்றைக்கே போடச் சொல்லுங்கள். என் பக்கத்தில் முதலாவதாக வந்தது 20 பவுண். அதன்பின் வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் 20தான் போட்டார்கள். அடுத்த வருடம் தம்பி குறும்பாக 5 பவுணில் தொடக்கிவைத்தான். அன்று முழுக்க ஐந்து ஐந்தாகத்தான் வந்தது. முன்னால் போனவரைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் சட்டைப்பைக்குள் கையை விடுகிறார்.

பிறகு வட்ஸ்அப். குடும்பக் குழுவில் இணைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நாலு கைகூப்பும் படமும் ஒரு பூங்கொத்தும் வரும், காசு வராது. குழுவில் ஒரு தடவை போடுங்கள், பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவர் பெயர் சொல்லி எழுதுங்கள். மாமிக்கு எழுதுவது மாமிக்கு எழுதுவதுபோல இருக்க வேண்டும். எனக்குப் பலன் தந்த செய்தி இது, உங்கள் கதைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

‘அன்புள்ள மாமி, சுகமாக இருக்கிறீர்களா? வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை இரவு 10 கிலோமீற்றர் நடக்கிறேன். சித்தப்பாவைக் கடைசியில் பார்த்த ஹொஸ்பிஸுக்காக. எங்களிடம் அவர்கள் ஒன்றும் வாங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 20 பவுண் தந்தால் பெரிய உதவி, 5 என்றாலும் சந்தோஷம். இந்த மாதம் வசதி இல்லையென்றால் ஒன்றும் யோசிக்க வேண்டாம், ஒரு ஞாயிறு காலை என்னோடு பயிற்சிக்கு நடக்க வாருங்கள். இணைப்பு கீழே இருக்கிறது.’

தொகையைச் சொல்லிக் கேட்பது நாகரிகம் இல்லை என்று தோன்றும். இல்லை, அது எதிரில் இருப்பவருக்குச் செய்கிற உதவி. எவ்வளவு போடுவது என்று யோசித்தே நாள் கடத்துகிறவர்கள்தான் அதிகம். இல்லை என்று சொல்வதற்கும் ஒரு வழி வைத்துக் கேளுங்கள். நடக்க வரச் சொன்னேனே, அது அதற்காகத்தான். அப்படி வந்த ஒரு மாமி, காசு கொடுத்தவர்களைவிட அதிகம் பேரை எனக்குப் பிடித்துத் தந்தார்.

நினைவூட்டல் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். நடைக்கு ஒரு கிழமை முன் ஒன்று, நடந்து முடிந்த மறுநாள் பதக்கத்தோடு எடுத்த படத்தை வைத்து ஒன்று. இரண்டாவதில்தான் நிறைய வரும். முடித்துக் காட்டு, பிறகு தருகிறேன் என்ற நினைப்பு நம்மவர்களுக்கு உண்டு.

வேலைத்தலத்தில் மனிதவளப் பிரிவிடம், ஊழியர் சேர்க்கிற பணத்துக்கு ஈடாக நிறுவனமும் போடுமா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் போடும், யாரும் கேட்பதில்லை என்பதால் அந்தக் காசு கிடந்து தூங்கும். கட்லட்டும் ரோல்ஸும் செய்து கொண்டுபோய் விற்பதானால் ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை ஒரு கடதாசியில் எழுதி முன்னால் வையுங்கள். இந்த நாட்டுச் சட்டம் பெயர் சொல்லும் பதினான்கு பொருட்களில் கடுகும் எள்ளும் இருக்கின்றன. நாங்கள் தாளிக்காமல் எதைச் செய்கிறோம்?

கோயிலிலோ கடை வாசலிலோ உண்டியல் வைக்க விரும்பினால் முதலில் அந்த இடத்துக்காரரின் சம்மதம், பிறகு ஹொஸ்பிஸிடம் இருந்து முத்திரையிட்ட உண்டியலும் கடிதமும். வீட்டில் கிடக்கிற நெஸ்டமோல்ட் டின்னில் ஓட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். பொது வீதியில் வாளி ஏந்துவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், புதியவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

கிஃப்ட் எய்ட்: ஒரு சின்னப் பெட்டி

இங்கே வருமான வரி கட்டுகிற ஒருவர் 20 பவுண் தந்து கிஃப்ட் எய்ட் பெட்டியில் சரி போட்டால், ஹொஸ்பிஸ் வரித் திணைக்களத்திடம் இன்னும் 5 பவுண் கேட்டு வாங்கலாம். பவுணுக்கு 25 பென்ஸ். தருகிறவருக்கு ஒரு சதமும் கூடச் செலவில்லை.

நம்மவர்கள் பிழைவிடுகிற இடங்கள் மூன்று. ஒன்று, வரி கட்டாதவர்கள் சரி போடுவது. படிக்கிற பிள்ளை, வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லாத அப்பப்பா, யாழ்ப்பாணத்தில் இருந்து அனுப்புகிற பெரியம்மா, இவர்கள் போடக் கூடாது. கோரிய தொகைக்குப் போதிய வரி கட்டவில்லை என்றால் வித்தியாசத்தை அவர்களிடமே கேட்கலாம்.

இரண்டாவதைத்தான் எல்லோரும் செய்கிறோம். பிறந்தநாள் விழாவில் இருபது பேரிடம் காசாக வாங்கி, வீட்டுக்கு வந்து உங்கள் வங்கி அட்டையால் 300 பவுணாகப் போட்டு, உங்கள் பெயரில் சரி போடுவது. அது உங்களுடைய காசு அல்ல, அதற்கு நீங்கள் சரி போட முடியாது. இதற்குத்தான் ஹொஸ்பிஸ் ஓர் அனுசரணைப் படிவம் தருகிறது. ஒவ்வொருவரும் தம் முழுப் பெயர், வீட்டு முகவரி, தபால் குறியீடு, தொகை எழுதி, தாமே சரி போட வேண்டும். ‘மாமா, வெம்பிளி’ என்று எழுதினால் செல்லாது. விழாவுக்குப் போகும்போது படிவத்தையும் ஒரு பேனையையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பிழை, வருமான வரியோடு சம்பந்தப்பட்டதல்ல. பணம் போடும்போது தளத்துக்கு ஒரு சிறு தொகை தரச்சொல்லி ஒரு கோடு வரும், அதில் ஏற்கெனவே ஒரு வீதம் குறித்திருக்கும். அது விருப்பப்பட்டால் தருவது, ஹொஸ்பிஸுக்குப் போவதல்ல. இழுத்துப் பூச்சியமாக்கலாம். இதைத் தெரியாமல் கொடுத்துவிட்டு, கூட வெட்டிவிட்டார்கள் என்று உங்களோடு கோபிக்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கால்

எட்டுக் கிழமை இருந்தால் தாராளம். கிழமைக்கு இரண்டு நாள் அரை மணி நேரம், ஞாயிறு ஒரு நீண்ட நடை. முதல் ஞாயிறு மூன்று கிலோமீற்றர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடைக்குப் பத்து நாள் முன் எட்டைத் தொட்டுவிட்டால் போதும், மிச்ச இரண்டையும் கூட்டத்தின் உற்சாகம் நடத்திவிடும். சப்பாத்து புதிதாக இருக்கக் கூடாது. நான் நடைக்கு முதல்நாள் வாங்கிய பளபளக்கும் ஒன்றோடு போய், ஆறாவது கிலோமீற்றரில் குதிகால் தோல் உரிந்து, மிச்சத்தை நொண்டி முடித்தேன். காலுறை பருத்தியாக இல்லாமல் வியர்வை இழுக்கிறதாக இருந்தால் கொப்புளம் குறையும். சேலையோடு நடக்கலாமா என்றால், நடக்கலாம். விளையாட்டுச் சப்பாத்தும் சேலையுமாக ஒரு அம்மா என்னை முந்திப் போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தடவை படியுங்கள். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் குளிசையோ எடுக்கிறவர்கள், வழக்கத்துக்கு மாறாக இரண்டு மணி நேரம் நடந்தால் சர்க்கரை கீழே இறங்கலாம், அதுவும் சாப்பாட்டு நேரம் மாறுகிற இரவில். முன்கூட்டியே உங்கள் தாதியிடமோ வைத்தியரிடமோ பேசுங்கள். குளுக்கோஸ் வில்லையோ இனிப்புப் பானமோ சட்டைப்பையில் இருக்கட்டும், காரில் அல்ல. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் விரல் இடுக்கு உட்படப் பாருங்கள். நேர்த்திக்கடன் போல வெறுங்காலோடு நடப்பேன் என்று யாரும் வெளிக்கிட வேண்டாம். விரத நாளாக இருந்தால் ஒன்றில் விரதம், இல்லையென்றால் நடை.

அன்று இரவு

ஜூன் மாதத்தில் லண்டனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அதை நம்பி மெல்லிய சட்டையோடு போகாதீர்கள், நள்ளிரவுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும். தொலைபேசியை முழுக்க மின்னேற்றி, தண்ணீர்ப் போத்தல், மெல்லிய மழைச்சட்டை, பிளாஸ்ரர், இவற்றோடு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். திரும்பி வர ரயில் இருக்குமா என்பதையும் பார்த்து வையுங்கள்.

போய் இறங்கியதும் திகைப்பீர்கள். நான் ஏதோ செத்த வீட்டுக்குப் போகிற முகத்தோடு போனேன். அங்கே இளஞ்சிவப்பு இறகு மாலை போட்ட பாட்டிமார், மினுங்குகிற தொப்பி வைத்த ஆண்கள், காதைப் பிளக்கிற பாட்டு, அதற்கு ஆடிக்கொண்டே உடம்பைச் சூடாக்குகிற கூட்டம். செத்தவர்களுக்காக வந்துவிட்டு இப்படிக் கூத்தடிக்கிறார்களே என்று முதலில் மனத்துக்குள் கோபம்கூட வந்தது. பிறகு ஒருவரின் முதுகைப் பார்த்தேன். சட்டையின் பின்னால், கைப்பட எழுதியிருந்தது: ‘அம்மாவுக்காக’. அவருக்குப் பக்கத்தில் ஆடியவரின் முதுகில் ஒரு குழந்தையின் பெயரும் இரண்டு ஆண்டுகளும். இரண்டுக்கும் இடையில் நாலு வருடம்தான். ஆடுகிறவர்களில் துக்கம் இல்லாதவர் யாரும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரிலும் பறை முழங்கத்தானே வழியனுப்பினோம்.

தொடங்குமுன் ஒரு நிமிடம் மௌனம் இருக்கும், நினைவுப் பலகையில் பெயர் எழுதச் சொல்வார்கள். தமிழிலேயே எழுதுங்கள். நான் எழுதும்போது பக்கத்தில் நின்ற ஒருவர் இது என்ன மொழி என்று கேட்டார், அந்தப் பேச்சோடு மூன்று கிலோமீற்றர் போனது.

வழி நெடுக மின்னும் மேலங்கியோடு தொண்டர்கள் நிற்பார்கள், தண்ணீர் தருவார்கள். வீதி மூடியிருக்காது, பாதசாரிக் கடவையில் பச்சை வரும்வரை நிற்கத்தான் வேண்டும். வீடுகள் உள்ள தெருவில் குரலைத் தாழ்த்துங்கள். வேகம் பற்றிக் கவலை வேண்டாம். எல்லோருக்கும் கடைசியில் ஒரு தொண்டர் வருவார், அவருக்குப் பின்னால் ஒருவரையும் விடமாட்டார்கள். முடியவில்லை என்றால் ஒருவரிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள், சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விடாதீர்கள், தேடுவார்கள். முடிவிடத்தில் சூடாக உணவு தருவார்கள், பல இடங்களில் அது பன்றி இறைச்சி வைத்த பாண். சைவமா ஹலாலா என்பதைப் பதியும்போதே கேட்டு எழுதிவிடுங்கள், இரவு ஒரு மணிக்கு அங்கே நின்று கேட்டால் வாழைப்பழம்தான் கிடைக்கும்.

நடக்க இயலாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் மேசைக்கும் பதக்கம் கொடுக்கவும் எப்போதும் ஆள் போதாது. என் அம்மா மூன்றாம் வருடத்தில் இருந்து அந்த மேசையில் நிற்கிறார். தண்ணீரோடு இஞ்சிப் பிளேன்ரீயும் கொடுக்கலாமே என்று அவர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்.

பிறகு

மறுநாள் படியிறங்கக் கஷ்டமாக இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும். காசாகக் கிடைத்ததை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பாதீர்கள். ஹொஸ்பிஸுக்கு நேரே கொண்டுபோய்க் கொடுத்து, அனுசரணைப் படிவத்தையும் ஒப்படைத்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுங்கள். அடுத்த வருடம் நீங்கள் கேட்க வேண்டியிராது, அவர்களே எப்போது நடை என்று கேட்பார்கள்.

இணையப் பக்கத்தை உடனே மூடிவிடாதீர்கள், பிந்தி வருகிற காசு நிறைய உண்டு. போன வருடம் ஆகஸ்ட் நடுப்பகுதியில், நடந்து இரண்டு மாதம் கழித்து, கனடாவில் இருக்கிற பெரிய மாமா 100 பவுண் போட்டிருந்தார். சந்தோஷத்தில் உடனே நன்றி எழுதிவிட்டுப் பார்க்கிறேன், கிஃப்ட் எய்ட் பெட்டியில் சரி போட்டிருக்கிறார். வாழ்க்கையில் ஒரு நாளும் இந்த நாட்டில் வரி கட்டாதவர். இப்படி நடந்தால் ஹொஸ்பிஸின் நிதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், கொடையை அப்படியே வைத்துக்கொண்டு அந்தக் கோரிக்கையை மட்டும் நீக்கிவிடுவார்கள். மாமாவுக்கு விளங்கப்படுத்தத்தான் எனக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது.